சுகாதார அமைச்சகத்தைக் கேள்வி கேட்கும் 31 பேர்

2012 மே 8 அன்று, சுகாதாரம் மற்றும் குடும்ப நலத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன்னுடைய 59-ஆவது அறிக்கையை இரு அவைகளிலும் தாக்கல் செய்தது. நாட்டில் விற்கப்படும் புதிய மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்படிச் செயல்படுகிறது என்பதே அந்த அறிக்கையின் ஆய்வுப்பொருள். குழு இதற்காகப் பெரிய ஏற்பாடு எதையும் செய்துவிடவில்லை. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகளில் 42-ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணங்களைப் பார்த்து அனுமதி கொடுத்தீர்கள் என்று அமைச்சகத்திடம் கேட்டது. அவற்றில் பெஃப்ளாக்சசின், லோமிஃப்ளாக்சசின், ஸ்பார்ஃப்ளாக்சசின் ஆகிய மூன்றின் கோப்புகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. வெவ்வேறு ஆண்டுகளில் அனுமதி பெற்ற மூன்று மருந்துகளின் கோப்புகள், அதுவும் சர்ச்சைக்குரிய மருந்துகளின் கோப்புகள், ஒருசேரக் காணாமல் போனது தற்செயல்தானா என்ற ஐயத்தைக் குழு தன் அறிக்கையிலேயே எழுதி வைத்தது.

எஞ்சிய 39 மருந்துகளில் 11-க்குக் கட்டாயம் நடத்தியிருக்க வேண்டிய மூன்றாம் கட்ட மருந்துச் சோதனை, அதாவது அனுமதிக்கு முன் பெருந்தொகையான நோயாளிகளிடம் மருந்தைச் சோதிப்பது, நடத்தப்பட்டிருக்கவில்லை. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை, இந்திய நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்காமலேயே 31 புதிய மருந்துகளுக்கு அனுமதி தரப்பட்டதாக அமைச்சகம் தெரிவித்தது. அந்தப் பட்டியலில் இரண்டு மருந்துகள் விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, மொத்தம் 33 என்று குழு திருத்தியது. இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் பாதித்தது நிபுணர்களின் கடிதங்களைப் பற்றிய பகுதி. ஒரு மருந்துக்கு அனுமதி தரலாமா என்று மருத்துவ நிபுணர்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். வெவ்வேறு ஊர்களில் பணிபுரிந்த நிபுணர்கள் தனித்தனியே எழுதியதாகக் கோப்பில் வைக்கப்பட்டிருந்த பரிந்துரைகளைக் குழு அருகருகே வைத்துப் பார்த்தபோது, சில கடிதங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தன. அவற்றை எழுதியது மருந்து நிறுவனங்களின் கண்ணுக்குத் தெரியாத கைகள், நிபுணர்கள் கையெழுத்து மட்டுமே போட்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்குக் குழு வந்தது.

இந்த அறிக்கையை நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் படிப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் குழுவுக்கு ஒரு மருந்தைத் தடை செய்யும் அதிகாரம் இல்லை. ஓர் அதிகாரியை இடமாற்றம் செய்யும் அதிகாரம் இல்லை. ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது என்று விதியே சொல்கிறது. ஆவணங்களை வரவழைப்பது, கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது, வந்த பதிலை அச்சிட்டு நாட்டு மக்களின் முன் வைப்பது ஆகியவையே அதன் கையில் உள்ளவை. இவை அற்பமானவை என்று பலர் நினைக்கிறார்கள். பொது சுகாதாரத்தைப் பொறுத்தவரை இவற்றுக்கு ஈடான வேறு கண்காணிப்பு நம்மிடம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

துறைவாரியான நிலைக்குழுக்கள் என்ற ஏற்பாடு நம் நாடாளுமன்றத்துக்கு 1993-இல்தான் வந்தது. முதலில் 17 குழுக்கள் அமைக்கப்பட்டன. 2004-இல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். அமைச்சர் பதவி வகிப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது. சுகாதாரக் குழு மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் இயங்குகிறது. அமைச்சகம் நிதி ஒதுக்கீடு கேட்டு முன்வைக்கும் ஆண்டு மானியக் கோரிக்கைகளையும், அவைத்தலைவர்கள் அனுப்பி வைக்கும் மசோதாக்களையும், ஆண்டறிக்கைகளையும், நீண்டகாலக் கொள்கை ஆவணங்களையும் ஆராய்வது இக்குழுக்களின் பணி. அன்றாட நிர்வாகத்தில் அவை தலையிடக் கூடாது என்பது விதி. ஆனால், ஒரு மருந்தின் கோப்பு எங்கே போனது என்று கேட்பது அன்றாட நிர்வாகமா, கொள்கையா என்ற எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதைக் குழுவின் துணிவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. அமைச்சகம் முதலில் பின்னணிக் குறிப்பு ஒன்றை அளிக்கும். அதைப் படித்துவிட்டுக் குழுச் செயலகம் வினாப்பட்டியல் அனுப்பும். எழுத்துப் பதில்கள் வந்தபின் துறைச் செயலாளரும் உயர் அதிகாரிகளும் நேரில் வந்து சாட்சியம் அளிப்பார்கள். அமைச்சர் வருவதில்லை. தேவைப்பட்டால் மருத்துவர்கள், நோயாளிகள் அமைப்புகள், நிறுவனங்கள் எனப் பிறரையும் குழு அழைத்துக் கேட்கலாம். பிரிட்டனில் இதே போன்ற குழுக்களின் விசாரணைகள் பெரும்பாலும் பொதுவெளியில் நடக்கின்றன, அமைச்சர்களே வந்து பதில் சொல்கிறார்கள், நேரலையாகவும் பார்க்கலாம். நம்முடைய மூடிய அறைக்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: கேமரா இல்லாத இடத்தில் ஆளுங்கட்சி உறுப்பினரும் தம் அரசின் அதிகாரியைத் தயக்கமின்றிக் கேள்வி கேட்பார் என்பது. 59-ஆவது அறிக்கை அதற்குச் சான்று. அந்தக் குழுவில் பல கட்சியினர் இருந்தார்கள். ஆனால், அறிக்கையின் வரிகளைப் படிப்பவருக்கு எந்தக் கேள்வி எந்தக் கட்சியிடமிருந்து வந்தது என்று தெரியாது. இந்த நன்மையை நான் மறுக்கவில்லை. என்றாலும், சாட்சியத்தின் முழு எழுத்துப் பதிவையாவது அறிக்கை தாக்கலானபின் வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிகாரி என்ன சொன்னார் என்பதைக் குழுவின் சுருக்கத்தின் வழியே மட்டும் அறிந்துகொள்வது போதாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கை அதிகாரிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதோடு நின்றுவிடவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகத்தில் ஒன்பது அதிகாரிகள் 20,000 விண்ணப்பங்களையும், 200-க்கும் மேற்பட்ட கூட்டங்களையும், 700 நாடாளுமன்றக் கேள்விகளையும், ஏறத்தாழ 150 நீதிமன்ற வழக்குகளையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அது பதிவு செய்தது. பணியிடங்களை நிரப்பாமல் வைத்திருந்தது யார் என்ற கேள்வி அங்கே தானாகவே எழுகிறது. மேற்பார்வை என்பது தவறு செய்தவரைத் தேடுவதோடு முடிந்துவிட்டால், அடுத்து அந்த நாற்காலியில் அமர்பவரும் அதே தவறைச் செய்வார். அறிக்கை வெளியான அதே மாதத்தில், அதன் முடிவுகளை ஆராய அமைச்சகம் மூன்று வல்லுநர்கள் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. உச்ச நீதிமன்றத்திலும் மருந்துச் சோதனைகள் குறித்த பொதுநல வழக்கு நடந்துகொண்டிருந்தது. இவையெல்லாம் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தின் நீட்சியாகவே 2019 மார்ச்சில் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளை நான் பார்க்கிறேன். ஏழு ஆண்டுகள் ஆயின என்பது வருத்தமான செய்திதான்.

இதே குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72-ஆவது அறிக்கை இன்னும் கனமானது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியருக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்றை, ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 2009-இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஆந்திர, குஜராத் மாநில அரசுகளும் அதில் பங்கேற்றன. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கம்மம் மாவட்டமும் குஜராத்தில் வதோதராவும் தேர்ந்தெடுக்கப்பட்டன. சிறுமியர் ஏழு பேர் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு கூறியது. அந்தத் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது, எத்தனையோ நாடுகள் போட்டு வருகின்றன. தடுப்பூசியின் பயனை நான் இங்கே கேள்வி கேட்கவில்லை என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நிலைக்குழு தோண்டி எடுத்தது வேறொன்றை.

அது ஒப்புதல் படிவம். சிறுமியின் பெற்றோர், விவரம் அறிந்து, விரும்பிக் கையெழுத்திட வேண்டிய தாள். ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு இருந்தது. 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பழங்குடியினருக்கான விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டு, தொலைவிலுள்ள ஊரில் கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். தங்கள் மகளின் கையில் என்ன ஊசி போடப்பட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. விடுதியில் சோறு போட்டுப் பார்த்துக்கொள்பவருக்கு, ஆய்வு ஒன்றில் ஒரு குழந்தையின் உடலை ஒப்படைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? குழு இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. இது ஒரு மருந்துச் சோதனை என்றால் அதற்குரிய பாதுகாப்புகள் எங்கே, வெறும் திட்டச் செயலாக்கம் என்றால் ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் என்ன வேலை என்று இரு பக்கமும் நெருக்கியது. தடுப்பூசி நிறுவனங்களின் வணிக நலனே இதன் நோக்கம் என்று மிகக் கடுமையான சொற்களில் எழுதியது. அந்த நோக்கம் குறித்த முடிவில் குழு தன்னிடம் இருந்த சான்றுகளைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. படிவங்களைப் பற்றிய பகுதியை யாராலும் அசைக்க முடியாது.

இந்த விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. அங்கே நிலைக்குழுவின் அறிக்கையைச் சான்றாகக் காட்டலாமா, அப்படிக் காட்டினால் நாடாளுமன்றத்தின் சிறப்புரிமை மீறப்படுமா என்ற அடிப்படைக் கேள்வியை மருந்து நிறுவனங்கள் எழுப்பின. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மே 9 அன்று கல்பனா மேத்தா வழக்கில் தீர்ப்பளித்தது: அறிக்கையை நீதிமன்றம் எடுத்துப் பார்க்கலாம், சட்டத்துக்குப் பொருள் காணவும் நடந்தது இன்னதென்று அறியவும் துணையாகக் கொள்ளலாம், ஆனால், அறிக்கை செல்லுமா செல்லாதா என்ற வழக்கை அங்கே நடத்த முடியாது. பரிந்துரைக்கு மட்டுமே உரிமை உள்ள ஒரு குழுவின் எழுத்து எவ்வளவு தூரம் பயணம் செய்யக்கூடும் என்பதற்கு இந்தத் தீர்ப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அமைச்சகம் ஓர் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். அதே அறிக்கையை ஒரு வழக்கறிஞர், ஒரு செய்தியாளர், கம்மத்தில் உள்ள ஒரு சமூகப் பணியாளர் எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது.

பயணம் எப்போதும் நேர்வழியில் அமைவதில்லை. 2016 மார்ச்சில் இந்திய மருத்துவ கவுன்சிலைப் பற்றிக் குழு அளித்த 92-ஆவது அறிக்கையைப் பாருங்கள். மருத்துவக் கல்வியையும் மருத்துவர்களின் ஒழுக்கத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டிய அந்த அமைப்பு தன் கடமையில் தவறிவிட்டது என்று குழு வெளிப்படையாகச் சொன்னது. இரண்டே மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்த அறிக்கையை மேற்கோள் காட்டி, நீதிபதி லோதா தலைமையில் மேற்பார்வைக் குழு ஒன்றை அமைத்தது. 2018-இல் கவுன்சில் கலைக்கப்பட்டது. 2019-இல் சட்டம் வந்து, 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்தில் அமர்ந்தது. குழுவின் செல்வாக்குக்கு இது பெரிய வெற்றி என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் குறிப்பிடுவதில்லை. மருத்துவப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வை நாடு முழுவதும் நடத்தலாம் என்று பரிந்துரைத்த அதே அறிக்கை, அதற்கு வெளியே இருக்க விரும்பும் மாநிலங்களுக்கு விலக்கு அளித்து, பின்னாளில் அவை விரும்பினால் சேர்ந்துகொள்ள வழி வைக்கலாம் என்றும் சொல்லியிருந்தது. அறிக்கையின் முதல் பாதி நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களின் விருப்பத்தைப் பற்றிய பாதி காகிதத்திலேயே நின்றுவிட்டது. நுழைவுத் தேர்வைப் பற்றி ஒருவர் என்ன கருத்து வைத்திருந்தாலும் சரி, ஒரு பரிந்துரையில் தனக்கு வேண்டிய வரியை எடுத்துக்கொண்டு வேண்டாத வரியை விட்டுவிடும் உரிமை அரசிடமே இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே தெளிவாகக் காணலாம்.

சட்டமியற்றும் இடத்தில் இந்தப் பலவீனம் இன்னும் வெளிப்படையானது. தேசிய மருத்துவ ஆணைய மசோதாவின் முதல் வடிவம் 2018-இல் இக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஆயுர்வேதம், சித்தா போன்ற ஆயுஷ் முறைகளின் மருத்துவர்கள் இணைப்புப் படிப்பு ஒன்றை முடித்து அலோபதி மருந்துகளை எழுதலாம் என்ற பிரிவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று குழு சொன்னது. சில நாட்களிலேயே அமைச்சரவை அந்தப் பிரிவை நீக்கியது. ஆனால், அந்த மசோதா காலாவதியாகி 2019-இல் புதிதாக வந்தபோது குழுவுக்கு அனுப்பப்படவே இல்லை. மசோதாவைக் குழுவுக்கு அனுப்புவது கட்டாயம் அல்ல. 15-ஆவது மக்களவையில் (2009–14) 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன; 17-ஆவது மக்களவையில் (2019–24) அது 16 விழுக்காடாகக் குறைந்தது. கேள்வி கேட்கும் உறுப்பினர்களைக் குறை சொல்வதற்கு முன், கேள்வியே அவர்களிடம் வந்து சேராமல் போகும் இந்தப் போக்கைத்தான் நாம் எதிர்க்க வேண்டும்.

கொரோனா காலம் இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் சோதித்துப் பார்த்தது. 2020 நவம்பர் 21 அன்று சுகாதாரக் குழு, பெருந்தொற்றை அரசு கையாண்ட விதம் குறித்த தன் 123-ஆவது அறிக்கையை மாநிலங்களவைத் தலைவரிடம் அளித்தது. மருத்துவமனைகளில் தேவைக்கு ஏற்ப ஆக்சிஜன் கிடைக்க உற்பத்தியைப் பெருக்க வேண்டும், சிலிண்டர் விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அரசு மருத்துவமனைகளில் படுக்கைகள் போதாது என்பதும் இருந்தது. ஐந்து மாதங்கள் கழித்து, 2021 ஏப்ரலில், ஆக்சிஜன் சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்று இறந்துபோனார்கள். அந்தப் பத்தியை இப்போது படிக்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. எச்சரிக்கை இல்லாமல் அந்த அலை வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எச்சரிக்கை அச்சில் இருந்தது.

அதே காலத்தில் நம் குழுக்கள் காணொலி வழியே கூடுவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. மூடிய அறையின் ரகசியம் கெடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஊரடங்கின் தொடக்க மாதங்களிலும் இரண்டாம் அலையின் உச்சத்திலும், அமைச்சகத்தைக் கேள்வி கேட்கும் கடமை உள்ள குழு கூடவே இல்லை. பிரிட்டனின் குழுக்கள் அதே மாதங்களில் காணொலி வழியே விசாரணை நடத்தின. அங்கே ஆளுங்கட்சி உறுப்பினர்களே தலைமை வகித்த இரண்டு குழுக்கள் 2021 அக்டோபரில் கூட்டாக அளித்த அறிக்கை, தொற்றின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளை நாட்டின் மிகப் பெரிய பொது சுகாதாரத் தோல்விகளில் ஒன்றாக எழுதியது. நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. நாடாளுமன்றம் கூட முடியாத நிலையில், 2020 மார்ச் 25 அன்று தொற்றுக்கால நடவடிக்கைகளை ஆராயத் தனிக்குழு ஒன்றை அமைத்து, எதிர்க்கட்சித் தலைவரையே அதன் தலைவராக்கி, எதிர்க்கட்சிகளுக்குப் பெரும்பான்மையும் கொடுத்தது. அரசுக்கு வரம்பற்ற அதிகாரம் தேவைப்பட்ட நாட்களிலேயே அதைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தையும் கூட்ட வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். நாம் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டோம்.

ஓர் அறிக்கை வெளிவந்த அன்று நாளிதழ்களில் தலைப்பாகிறது, பிறகு மறக்கப்படுகிறது. உண்மையான மேற்பார்வை அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. பரிந்துரைகள் மீது என்ன செய்தோம் என்று அமைச்சகம் மூன்று மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு மேல்நடவடிக்கை அறிக்கை என்று இன்னொன்றை வெளியிடும். அதன் அத்தியாயங்களே ஒரு கதை சொல்லும்: அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் ஓர் அத்தியாயம், பதிலைக் கேட்டபின் குழு வற்புறுத்த விரும்பாதவை அடுத்தது, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை மூன்றாவது, இறுதிப் பதில் இன்னும் வராதவை கடைசி. நான் எப்போதும் கடைசி இரண்டு அத்தியாயங்களைத்தான் முதலில் புரட்டுவேன். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சொற்றொடர்கள் அங்கே வரிசையாக நிற்கும். 2025-க்குள் பொது சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. மானியக் கோரிக்கைகளை ஆராயும்போதெல்லாம் குழு அந்த வாக்குறுதியை நினைவூட்டி வந்தது.

குழுவின் ஆயுள் ஓராண்டு மட்டுமே என்பது இந்தத் தொடர்ச்சியை அறுக்கிறது. மருந்துச் சோதனையின் நுட்பங்களைப் புரிந்துகொள்ளவே ஓர் உறுப்பினருக்கு ஓராண்டு போதாது. புரிந்துகொண்ட நேரத்தில் அவர் வேறு குழுவுக்கு மாற்றப்படலாம். குழுச் செயலகத்தில் நிரந்தரமான பொது சுகாதார வல்லுநர்களோ புள்ளியியலாளர்களோ இல்லை. அமைச்சகம் கொடுக்கும் எண்களை அமைச்சகத்தின் உதவியின்றிச் சரிபார்க்க வழியில்லாத குழு, 59-ஆவது அறிக்கையைப் போன்ற ஒன்றை எழுதியது அதன் உறுப்பினர்களின் தனிப்பட்ட உழைப்பால்தான். உழைப்பாளிகள் எல்லா ஆண்டும் வாய்க்க மாட்டார்கள். பதவிக்காலத்தை மக்களவையின் ஆயுளோடு இணைப்பதும், குழுவுக்கென்று சில வல்லுநர்களை வேலைக்கு அமர்த்துவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

உறுப்பினர்கள் தங்கள் கண்டறிதலை அவைக்குள்ளும் எடுத்துச் செல்ல முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2005-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த புகைத்தடை மசோதா, உணவு பரிமாறாத மதுக்கூடங்களுக்கும் தனியார் மன்றங்களுக்கும் விலக்கு அளித்தது. அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரல் மட்டும் வேறா என்று கேட்ட சுகாதாரக் குழு, விலக்கே கூடாது என்று டிசம்பரில் அறிக்கை அளித்தது. குழுவின் உறுப்பினர்கள் அதைத் திருத்தமாக அவையில் முன்மொழிந்தார்கள். அரசு தன் உறுப்பினர்களை மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட்டது. 2006 பிப்ரவரி 14 அன்று தனியார் மன்றங்களுக்கும் தடை என்பது 384-க்கு 184 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்து முழுவதும் தடை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் குழு அறையில் சுதந்திரமாகப் பேசிய உறுப்பினர் அவைக்கு வந்ததும் கட்சிக் கொறடாவின் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. மனிதர் அதேதான்; ஆனால், தாம் அறிந்ததை வைத்து வாக்களிக்க அவரால் முடியாது.

கடைசியாக, நம் மாநிலத்தைப் பற்றி. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை. அப்படியென்றால் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை உள்ளவற்றைக் கேள்வி கேட்கும் முதல் கடமை சட்டமன்றத்துக்கு உரியது. கேரளச் சட்டமன்றத்தில் துறைவாரியான குழுக்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. ஆனால், அவற்றுக்கு அந்தந்தத் துறையின் அமைச்சரே தலைவர் என்பது அதன் பெருங்குறை. தமிழ்நாட்டில் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் பொது நிறுவனங்கள் குழுவும் உண்டு. சுகாதாரத் துறையை மட்டும் ஆண்டு முழுவதும் கவனிக்கும் குழு இல்லை. பொதுக் கணக்குக் குழு, பணம் செலவான பிறகு தணிக்கை அறிக்கையை வைத்துக் கேட்கிறது. நிரப்பப்படாத மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, எந்த மாவட்டத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை, அதற்கான கோப்பு யார் மேசையில் எவ்வளவு காலம் இருந்தது என்று அந்த ஆண்டிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வெளியிட, அமைச்சரைத் தலைவராகக் கொள்ளாத ஒரு குழு வேண்டும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. சட்டமன்றம் தன் நடைமுறை விதிகளைத் திருத்தினால் போதும்.